பதினாறாம் நாளுக்கு அப்புறம்

ஊத்தங்கரைப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய பெரியப்பா மகன் ராணுவத்தில் நாயக் என்ற பதவியில் இருந்தவர். ஒன்றரை வருடத்துக்கு முன் எல்லைப் பகுதியில் பணியில் இருந்தபோது இறந்துவிட்டார். வீட்டில் இருப்பது அண்ணி, எட்டு வயதிலும் மூன்று வயதிலும் இரண்டு பிள்ளைகள், பெரியம்மா. "பென்ஷன் வந்துவிட்டது, நிவாரணப் பணமும் வந்துவிட்டது. ஆனால் அண்ணி முன்பைவிட மோசமாக இருக்கிறார், யாரோடும் பேசுவதில்லை. பெரியம்மா அண்ணனுடைய பெட்டியை யாரையும் தொட விடுவதில்லை. இருவருக்கும் நடுவில் பணப் பேச்சு வேறு. இது எப்போது சரியாகும்? நாங்கள் இன்னும் என்ன செய்யணும்?" இதுதான் கேள்வி.

நான் மனநல மருத்துவன் இல்லை. பட்டாளத்தில் கிளார்க்காக இருந்தவன். இறந்தவர்களின் காகிதங்களைத் தயார் செய்து அனுப்புவதும் என் வேலையில் ஒரு பகுதி. ஓய்வு பெற்று தர்மபுரிக்கு வந்த பிறகு, அதே காகிதங்களை வாங்கிக்கொண்டு திகைத்து நிற்கிற குடும்பங்களோடு ஆபீஸ் ஆபீஸாகப் போய் வருகிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில், அண்ணி மோசமாகிவிட்டார் என்பதைப் பார்த்து நீங்கள் எதையோ தவறவிட்டதாக நினைக்க வேண்டாம். பட்டாளத்து வீடுகளில் இரண்டாம் வருடம்தான் பெரும்பாலும் கனமாக இருக்கும். வருடத்துக்கு 60 நாள் ஆண்டு விடுப்பு, 30 நாள் கேஷுவல் லீவு, அதிலும் ரயிலில் போகிற நாள் கொஞ்சம். மற்ற ஒன்பது மாதமும் புருஷன் என்றால் போனில் வருகிற குரல்தான். அவர் வீட்டில் இல்லாத நாட்கள் அவளுக்குப் பழகிப் போனவை. சவப்பெட்டி வந்தது, கொடியை மடித்துக் கையில் கொடுத்தார்கள், குண்டு முழங்கியது, கலெக்டர் வந்தார், எல்லாம் கண்ணால் பார்த்தாள். ஆனாலும் மனசு ஒரு மூலையில் அவர் டியூட்டியில் இருக்கிறார் என்றே கணக்கு வைத்திருக்கும். பொங்கலுக்கு லீவு கிடைக்காத வருடம் எத்தனை இருந்திருக்கும்! முதல் பொங்கல் அப்படியே போய்விடும். ஊர்த் திருவிழாவும் போய்விடும். இரண்டாவது பொங்கலுக்கும் ஜோலார்பேட்டையில் இறங்கி பஸ் பிடித்து ஆள் வரவில்லை என்னும்போதுதான் அந்தக் கணக்கு உடைகிறது. அந்த நேரம் பார்த்து ஊர்க்கூட்டம் கலைந்திருக்கும், பேனர் வெளுத்திருக்கும், சொந்தக்காரர்கள் "இன்னுமா?" என்று கேட்கத் தொடங்கியிருப்பார்கள்.

இந்த "இன்னுமா" என்பதற்கு ஒரு பதில் சொல்லி வைக்கிறேன். துக்கம் ஐந்து படிகளில் ஏறி முடிந்துவிடும் என்று பலர் சொல்வார்கள். எலிசபெத் கூப்ளர் ராஸ் 1969இல் அந்த ஐந்து நிலைகளை எழுதியது சாகப்போகிற நோயாளிகளைப் பற்றி. பின்னால்தான் அதை எடுத்து எல்லோருடைய துக்கத்துக்கும் மாட்டிவிட்டார்கள். இஸ்ரேலில் சைமன் ரூபின் என்ற உளவியலாளர், போரில் மகனைப் பறிகொடுத்த பெற்றோர்களைப் பதின்மூன்று வருடம் கழித்தும் ஆராய்ந்தார். வெளியே வேலை, குடும்பம் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தாலும் மகனோடு இருந்த பிணைப்பு உள்ளே அப்படியே உயிரோடு இருந்ததைக் கண்டார். உங்கள் பெரியம்மாவுக்கு ஒன்றரை வருடம் ஆகிறது, அவ்வளவுதான்.

நெதர்லாந்தில் ஸ்ட்ரூப, ஸ்ஹுட் என்ற இருவர் 1999இல் சொன்னது எனக்குச் சரியாகப் படுகிறது. துக்கப்படுகிறவர் ஒரு நேரம் இழப்புக்குள் போவார், ஒரு நேரம் வெளியே வந்து அடுப்பு, ஸ்கூல் ஃபீஸ், பேங்க் என்று அலைவார், மறுபடி உள்ளே போவார். நம் பக்கத்துக் கிழவர்களுக்கு மாடு பூட்டிக் கிணற்றிலிருந்து கவலை இறைத்தது நினைவிருக்கும். மாடு சரிவில் இறங்கி முன்னே போகும், பிறகு பின்னாலேயே நடந்து ஏறும். பின்னே வருகிறதே என்று யாரும் மாட்டை அடிக்கவில்லை, அப்படி வந்தால்தான் அடுத்த சால் தண்ணீர். அண்ணி நேற்று கடைக்குப் போய் வந்தார், இன்று கதவைச் சாத்திக்கொண்டார் என்றால் பயப்படாதீர்கள். கதவை ஒரேயடியாகச் சாத்திக்கொண்டால்தான் கவனிக்க வேண்டும். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

கொஞ்சம் விலகிப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நம் இரண்டு மாவட்டத்திலும் ஏரிக்கரையிலும் வயல் ஓரத்திலும் நடுகல் நிற்காத பக்கம் குறைவு. வேடியப்பன் என்று பெயர் வைத்துப் பொங்கல் வைக்கிறோமே, அவற்றில் பல ஆநிரை மீட்கப் போய் விழுந்தவனுக்கு நட்ட கல்தான். தர்மபுரி, கிருஷ்ணகிரி அருங்காட்சியகங்களில் வரிசையாக வைத்திருக்கிறார்கள். பல்லவர் காலத்து வட்டெழுத்தில் இன்னான் மகன் இன்னான், இன்ன தொறுவை மீட்டுப் பட்டான் என்று இருக்கும். தொறு என்றால் மாட்டுக் கூட்டம், "பட்டான்" என்றால் செத்தான். தொல்காப்பியம் கல்லைத் தேடிப் பார்ப்பதில் தொடங்கி வாழ்த்துவது வரை ஆறு நிலை சொல்கிறது. எனக்குப் பிடித்தது வேறொன்று. விழுந்தவனின் வாரிசுகளுக்கு நிலம் கொடுத்தார்கள், அதற்கு உதிரப்பட்டி என்று பெயர். கன்னடக் கல்வெட்டுகளில் நெத்தரு கொடகை என்று வரும், ஓசூர்ப் பக்கத்தாருக்கு விளக்கவே வேண்டாம், நெத்தரு என்றால் இரத்தம். அதாவது அழுவதற்கு ஒரு கல்லும் பிழைப்பதற்கு ஒரு நிலமும் கொடுத்திருக்கிறார்கள். இன்று சிலையும் ஃபிளெக்ஸும் வைத்துவிட்டு நிலத்தை மறந்துவிடுகிறோம், அல்லது செக்கைக் கொடுத்துவிட்டு அழுகிற இடத்தை மறந்துவிடுகிறோம். உங்கள் வீட்டில் இரண்டாவது நடந்திருக்கிறது என்று தோன்றுகிறது.

பெட்டிக்கு வருகிறேன். 1999 கார்கில் சண்டைக்கு முன்பெல்லாம் பெரும்பாலும் உடல் வீட்டுக்கு வராது. களத்திலேயே எரித்துவிடுவார்கள் அல்லது புதைத்துவிடுவார்கள். தந்தி வரும், பிறகு ஒரு ட்ரங்குப் பெட்டி வரும். இப்போது உடலும் வருகிறது, பெட்டியும் வருகிறது. யூனிட்டில் அதற்கென்று ஒரு கமிட்டி உட்கார்ந்து, சட்டை எத்தனை, ஷேவிங் செட், போட்டோ, பர்ஸ் என்று பட்டியல் போட்டு அனுப்புவார்கள். நான் அப்படிப்பட்ட பட்டியல்களை டைப் அடித்திருக்கிறேன். "பனியன் மூன்று, பழையது" என்று அடிக்கும்போது கை நின்றுவிடும்.

பெரியம்மா அந்தப் பெட்டியைக் காவல் காக்கட்டும். அதில் உள்ள துணியைத் துவைக்க வேண்டாம், வாசனை போய்விட்டால் திரும்ப வராது. ஆனால் அண்ணிக்கும் அதில் பங்கு உண்டு என்பதை யாராவது மெதுவாகப் பெரியம்மாவிடம் சொல்ல வேண்டும். அது நீங்களாக இருக்கக்கூடாது, அவருடைய சொந்த அக்கா தங்கை யாராவது சொல்லட்டும். இரண்டு பெண்களும் ஒருநாள் கதவைச் சாத்திக்கொண்டு அந்தப் பெட்டியைச் சேர்ந்து திறந்தால் பாதிச் சண்டை அன்றே குறையும். ஆண்கள் அந்த அறையில் வேண்டாம்.

அவருடைய செல்போன் நம்பரைக் கைவிட்டுவிட்டீர்களா? ரீசார்ஜ் செய்யாமல் சில மாதம் விட்டால் நம்பர் ரத்தாகி வேறு ஆளுக்குப் போய்விடும். ஒரு வீட்டில் அந்தப் பெண் ராத்திரியில் அந்த நம்பருக்குப் போட்டுப் பார்ப்பது வழக்கம். சுவிட்ச் ஆஃப் என்று வரும், அதைக் கேட்டுவிட்டுத் தூங்குவாள். ஒருநாள் யாரோ எடுத்து "ஹலோ" என்றுவிட்டார்கள். அதற்கப்புறம் அவளைத் தேற்ற மூன்று மாதமாயிற்று. அதனால் நம்பரை அண்ணி பெயருக்கு மாற்றி வையுங்கள். அவர் அனுப்பிய குரல் பதிவுகளையும் படங்களையும் இரண்டு இடத்தில் சேமித்து வையுங்கள். மூன்று வயதுக் குழந்தைக்கு அப்பாவின் குரல் என்று பின்னால் இருக்கப்போவது அது மட்டும்தான்.

அடுத்தது பணம். மத்திய அரசின் கருணைத் தொகை, படைவீரர் காப்பீடு, மாநில அரசு கொடுப்பது எல்லாம் சில மாத இடைவெளியில் ஒரு கணக்கில் வந்து விழும். அவ்வளவு பெரிய தொகையை அந்த வீடு அதற்கு முன் பார்த்தே இருக்காது. மாமியாருக்கு அது பையனை விற்ற காசு, தொடவும் கை கூசும், மருமகள் எடுத்துக்கொண்டு போய்விடுவாளோ என்ற பயமும் இருக்கும். மருமகளுக்கு அது பிள்ளைகளின் சோறு. இரண்டும் நியாயம்தான். குடும்பப் பென்ஷன் பொதுவாக மனைவிக்குத்தான் போகும், கல்யாணமாகாதவர் என்றால் பெற்றோருக்கு வரும். இதைத் தெரிந்துகொள்ளாமல் பெரியம்மாவிடம் "கேஸ் போடு" என்று சொல்கிறவர்கள் ஊரில் இருப்பார்கள். அண்ணி மாதாமாதம் ஒரு தொகையைப் பெரியம்மாவின் சொந்தக் கணக்கிலேயே போடும்படி ஏற்பாடு செய்யுங்கள். தொகை சின்னதானாலும் பரவாயில்லை, கையேந்திக் கேட்கிற நிலைமை வரக்கூடாது. இந்த ஒன்றைச் செய்த வீடுகளில் பணச் சண்டை பெரும்பாலும் அடங்கிப் போனதைப் பார்த்திருக்கிறேன். நிலம் வாங்குவது, வீடு கட்டுவது, யாருக்காவது கைமாற்றுக் கொடுப்பது, இதெல்லாம் இன்னும் ஒரு வருடம் போகட்டும். தொகையை வைப்பு நிதியில் போட்டுவிட்டு, கேட்கிறவர்களிடம் "பேங்கில் போட்டிருக்கு, எடுக்க முடியாது" என்று பொய் சொன்னாலும் தப்பில்லை.

சரி, பென்ஷன் வந்துவிட்டது என்கிறீர்கள். எந்தப் பென்ஷன்? பி.பி.ஓ. காகிதத்தை, அதாவது பென்ஷன் வழங்கச் சொல்லும் உத்தரவை, எடுத்துப் பாருங்கள். எதிரியோடு மோதலிலோ தீவிரவாதிகளாலோ இறந்தால் தாராளமயக் குடும்ப ஓய்வூதியம், அது கடைசியாக வாங்கிய சம்பளம் முழுவதும். பணியின் காரணமாக ஏற்பட்ட விபத்து, நோய் என்றால் சிறப்புக் குடும்ப ஓய்வூதியம், 60 சதவீதம். பணிக்குத் தொடர்பில்லை என்று எழுதிவிட்டால் சாதாரணக் குடும்ப ஓய்வூதியம்தான். அது ஆரம்பச் சில வருடம் 50 சதவீதம், பிறகு 30. யூனிட்டில் நடக்கிற விசாரணையில் எழுதுகிற ஒரு வரிதான் இதைத் தீர்மானிக்கிறது. அந்த விசாரணை அறிக்கையின் நகல் உங்களிடம் இருக்கிறதா? இல்லையென்றால் அவருடைய படைப்பிரிவின் ஆவணங்களை வைத்திருக்கிற ரெக்கார்ட் ஆபீஸுக்கு எழுதிக் கேளுங்கள். வகை தவறு என்று பட்டால் மேல்முறையீடு உண்டு, அதிலும் தீராவிட்டால் சென்னையில் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் கிளை இருக்கிறது. தேசிய சட்டப் பணிகள் ஆணையம் 2025 ஜூலையில் படைவீரர் குடும்பங்களுக்கென்றே இலவச சட்ட உதவித் திட்டம் ஒன்றையும் தொடங்கியது. (சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப். ஆட்களுக்கு வழி வேறு, அவர்கள் உள்துறை அமைச்சகத்தின் கீழ் வருகிறவர்கள். ஆபீஸ் தெரியாமல் அலைந்த குடும்பங்கள் பல.)

இதோடு சம்பளக் கணக்கு இருந்த பேங்கில் ஒரு விபத்துக் காப்பீடு சேர்ந்திருக்கலாம். கேட்காமல் யாரும் எடுத்து நீட்ட மாட்டார்கள், கெடுவும் உண்டு, நாளைக்கே போய்க் கேளுங்கள். சண்டையில் இறந்தவர்களின் பிள்ளைகளுக்குப் படிப்புச் செலவை மத்திய அரசு ஏற்கிறது. 2017இல் மாதம் 10,000 ரூபாய் என்று உச்சவரம்பு போட்டு, எதிர்ப்பு வந்து 2018இல் அதை எடுத்துவிட்டார்கள். உங்கள் வீட்டுச் சின்னது கல்லூரிக்குப் போக இன்னும் பதினைந்து வருடம் ஆகும். அன்றைக்கு இந்தக் காகிதங்கள் யார் கையில் இருக்கும்?

அதனால்தான் ஒரு நோட்டு போடச் சொல்கிறேன். சொந்தத்தில் ஒரே ஒரு ஆள், இந்த விஷயத்தில் அது நீங்களாகவே இருங்கள், இருபது வருடம் அந்த நோட்டை வைத்திருக்க வேண்டும். ஆர்மி நம்பர், பி.பி.ஓ. நம்பர், ஸ்பர்ஷ் (ராணுவப் பென்ஷன் இணையதளம்) லாகின், எந்த ஆபீஸில் யாரை எந்தத் தேதியில் பார்த்தோம், என்ன சொன்னார்கள், எல்லாம் அதில் வரட்டும். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு, நம் ஆட்கள் சைனிக் போர்டு என்பார்களே, அங்கே வருடத்துக்கு இரண்டு முறையாவது போங்கள். திட்டங்கள் மாறிக்கொண்டே இருக்கும். அதே நோட்டில் பின்பக்கத்திலிருந்து வேறு தேதிகளை எழுதுங்கள். அவருடைய பிறந்தநாள், கல்யாண நாள், திதி, லீவில் வந்து இறங்குகிற மாதம். ஆடிப் பதினெட்டையும் எழுதுங்கள். ஊர்ப் பெண்கள் எல்லாம் ஒகேனக்கல்லுக்கும் தென்பெண்ணைக்கும் போய்த் தாலிக் கயிறு மாற்றுகிற நாளில் அண்ணி எங்கே இருப்பார் என்று நினைத்துப் பார்த்தீர்களா? அன்றைக்குப் பிள்ளைகளோடு உங்கள் வீட்டுக்குக் கூப்பிடுங்கள். காரணம் சொல்லாதீர்கள்.

ஒரு விஷயத்தில் எனக்குக் கோபம் உண்டு. குடியரசு தினத்தன்று மேடையில் ஏற்றிப் பொன்னாடை போர்த்துகிற அதே பெண்ணை, அடுத்த வாரம் வருகிற வளைகாப்பில் பின்வரிசைக்குத் தள்ளுகிறோம். பூவும் பொட்டும் வைப்பதும் வைக்காததும் அண்ணியின் இஷ்டம். உங்கள் வீட்டு விசேஷத்தில் அவர் கையால் ஒரு தட்டை எடுத்து வைக்கச் செய்யுங்கள், முணுமுணுப்பவர்கள் இரண்டு விசேஷத்தில் பழகிவிடுவார்கள். மறுமணம் பற்றி அவராகப் பேசினால் ஒழிய நீங்கள் எடுக்க வேண்டாம். ஆனால் கல்யாணம் செய்தாலே எல்லாம் நின்றுவிடும் என்று யாராவது மிரட்டினால் நம்பாதீர்கள். விதிகள் முன்போல் இல்லை. வீர விருதுக்கான மாதப் பணம்கூட முன்பு கொழுந்தனைக் கட்டினால்தான் தொடரும் என்று இருந்தது. 2017 நவம்பரில் அந்த நிபந்தனையை நீக்கிவிட்டார்கள்.

பிள்ளைகளிடம் "அப்பா டியூட்டிக்குப் போயிருக்கார்", "சாமிகிட்ட போயிருக்கார்" என்று சொல்லி வைத்திருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். சின்னது திரும்பி வருவார் என்று காத்திருக்கும். செத்துப்போய்விட்டார், இனி வரமாட்டார் என்று எளிமையாகச் சொல்லலாம். ஏழு வயதில் அதே கேள்வி வேறு மாதிரி வரும், பன்னிரண்டில் இன்னொரு மாதிரி, அப்போதெல்லாம் புதிதாகச் சொல்ல வேண்டும். எட்டு வயதுப் பையனிடம் "இனி நீதான் வீட்டுக்கு ஆம்பளை" என்று யாரும் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நானே ஒருமுறை சொல்லக்கூடாததைச் சொல்லியிருக்கிறேன். ஓய்வு பெற்ற புதிது, பாலக்கோட்டுப் பக்கம் ஒரு வீட்டில் துக்கம் விசாரிக்கப் போய், அந்தத் தாயிடம் "பெருமைப்படும்மா, நாட்டுக்காகக் கொடுத்திருக்கே" என்றேன். அவர் அழுகையை நிறுத்திவிட்டு என்னை ஏறிட்டுப் பார்த்தார். "நான் குடுக்கலியே சார், அவங்கதான எடுத்துக்கிட்டாங்க" என்றார். அன்றிலிருந்து துக்க வீட்டில் பெருமை என்ற வார்த்தையை நான் முதலில் எடுப்பதில்லை. அவர்களே சொன்னால் தலையாட்டுவேன். அதைவிட உபயோகமானது, அவரோடு கடைசியாகக் கூட இருந்த ஆளைக் கண்டுபிடித்து வீட்டுக்குக் கூட்டி வருவது. கடைசி நாள் என்ன சாப்பிட்டார், என்ன பேசினார், வலித்ததா என்று மனைவிக்கும் தாய்க்கும் கேட்க நூறு இருக்கும், அதிகாரிகளிடம் கேட்க வாய் வராது. யூனிட்டுக்கு எழுதினால் ஆள் யாரென்று சொல்வார்கள், நம் பக்கத்து ஆளாக இருந்தால் லீவில் வரும்போது வருவார். அதேபோல ஐந்தாறு வருடத்துக்கு முன் இதே கதி வந்த இன்னொரு பெண்ணை அண்ணியோடு பேச வையுங்கள். அமெரிக்காவில் 1992இல் ராணுவ விமான விபத்தில் கணவரை இழந்த போனி கேரல் 1994இல் தொடங்கிய டாப்ஸ் என்ற ராணுவக் குடும்பங்களுக்கான அமைப்பு இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் வளர்ந்தது. இழந்தவருக்கு முன்னால் இழந்தவர்தான் அங்கே துணை. நம் மாவட்டத்தில் சைனிக் போர்டு கூட்டத்துக்கு வருகிற பெண்கள் வாசல் மரத்தடியில் உட்கார்ந்து பேசிக்கொள்வதும் அதுதான்.

இனி, எப்போது டாக்டரிடம் போகணும் என்பது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் இப்போது நீடித்த துயரக் கோளாறு என்று ஒன்று இருக்கிறது. ஆறு மாதத்துக்கு மேலாகியும், அந்தச் சமூகத்தின் வழக்கத்துக்கு மீறி, அன்றாட வாழ்க்கையே நடக்காதபடி துயரம் பிடித்துவைத்திருந்தால் அப்படிச் சொல்வார்கள். அமெரிக்க மனநல மருத்துவர்கள் பெரியவர்களுக்கு ஒரு வருடம் என்று வைத்திருக்கிறார்கள். அழுவதை வைத்து எடை போடாதீர்கள். அண்ணி குளிக்கிறாரா, சாப்பிடுகிறாரா, பிள்ளைகளைக் கவனிக்கிறாரா என்று பாருங்கள். "நானும் போயிடறேன்" என்று சொன்னாரானால் அன்றைக்கே கூட்டிப் போங்கள். தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. ராத்திரி நேரமென்றால் அரசின் மனநல உதவி எண் 14416க்குப் போன் செய்தால் தமிழிலேயே பேசுவார்கள், காசு கிடையாது. பெரியப்பா இருந்தால் அவருடைய குடியையும் பார்க்கச் சொல்லியிருப்பேன், நீங்கள் அவரைப் பற்றி எழுதவில்லை.

வருடத்துக்கு ஒருமுறை அண்ணி உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டும். கைரேகை வைத்து, தான் உயிரோடு இருப்பதாக நிரூபிக்கிற வேலை. அதற்குத் தனியாக அனுப்பாதீர்கள். பெரியம்மாவையும் கூட்டிக்கொண்டு மூன்று பேருமாகப் போங்கள். வேலை முடிந்ததும் நேரே வீட்டுக்குத் திரும்பாமல் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஓட்டலில் உட்கார்ந்து ஏதாவது சாப்பிடுங்கள். அண்ணன் லீவில் வந்தால் எந்த ஓட்டலில் சாப்பிடுவார் என்று பெரியம்மாவைக் கேளுங்கள், அவருக்குத் தெரிந்திருக்கும்.